டாலர் ஸ்ட்ரீட்: ஏற்றத்தாழ்வை அடுப்பங்கரையில் காட்டும் தளம்

ஸ்வீடனின் கேப்மைண்டர் அறக்கட்டளை 2016இல் வெளியிட்ட டாலர் ஸ்ட்ரீட், கட்டணமில்லாத இணையதளம். யோசனை அதன் இணை நிறுவனர் அன்னா ரோஸ்லிங் ரான்லுண்டுடையது. பல நாடுகளில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் போய், அடுப்பு, படுக்கை, கழிவறை, பல் துலக்கி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று எங்கும் ஒரே பட்டியலை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்த வீடுகளெல்லாம் ஒரே தெருவில் நிற்கின்றன: இடது கோடியில் பரம ஏழை, வலது கோடியில் பெரும் பணக்காரர். கதவிலக்கம்தான் மாத வருமானம்.

முகப்பில் வரும் வீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வீண். முதலில் பொருளைத் தேர்ந்தெடுங்கள். 'அடுப்பு' நல்ல தொடக்கம். நாட்டை 'உலகம்' என்றே விட்டுவிட்டு, மேலே உள்ள வருமானப் பட்டையின் இரு முனைகளையும் நெருக்கி, 100 முதல் 200 டாலர் வரை வையுங்கள். கண்டம் எதுவானாலும் சமையல் நடக்கும் விதம் வியக்கும்படி ஒத்திருக்கும். அடுத்து பட்டையை முழுக்க விரித்து, நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். மூன்று கல் கூட்டிய விறகடுப்பும் நவீன சமையலறையும் ஒரே கொடிக்குக் கீழ் வரும். 'அவர்கள் பண்பாடு அப்படி' என்று நாம் சொல்லிவிடுகிற பலவும் வருமானத்தின் வேலை என்பதை இந்த இரண்டு தேடல்களே காட்டிவிடும். தளத்தின் ஆகச் சிறந்த பயன் இதுதான்.

பலர் இடறும் இடம் அந்த டாலர் கணக்கு. அது வீட்டின் மொத்த வருமானம் அல்ல, வயது வந்த ஒருவருக்கு மாதத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. வங்கி மாற்று விகிதமும் அல்ல. உள்ளூர் விலைவாசிக்கு ஏற்பத் திருத்திய வாங்கும் திறன் டாலர். இந்தியாவுக்கு அது ஒரு டாலருக்கு இருபது ரூபாய்க்குச் சற்று மேல் வரும். 200 டாலர் வீட்டைப் பார்த்ததும் வங்கி விகிதத்தில் பெருக்கி 17,000 ரூபாய்க்கு மேல் என்று எண்ணினால், அந்தக் குடும்பத்தை நான்கு மடங்கு வசதியாக்கிவிடுவீர்கள்.

பெரிய குறை தெருவின் அளவுகோல். கீழ்க்கோடி வீடு 30 டாலருக்கும் குறைவு, மேல்கோடி 10,000 டாலரைத் தாண்டும். இடைவெளி முந்நூறு மடங்குக்கு மேல். அத்தனையையும் ஒரு திரையில் அடக்க, மடங்குக் கணக்கில் வரைந்திருக்கிறார்கள். 50க்கும் 100க்கும் எவ்வளவு தூரமோ, 5,000க்கும் 10,000க்கும் அதே தூரம். வாழ்க்கைத் திருப்திக்கு இது பொருந்தும். மன நிறைவு பற்றிய ஆய்வுகளிலும் வருமானம் இரட்டிக்கும்போதுதான் திருப்தி ஏறத்தாழ ஒரே அளவு கூடுகிறது. ஏழைக்கு 50 டாலர் செய்வதைச் செல்வந்தருக்குச் செய்ய ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆனால் அதே அளவுகோல் ஏற்றத்தாழ்வைச் சுருக்கிவிடுகிறது. சாதாரண அளவுகோலில் வரைந்தால் பெரும்பாலான வீடுகள் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துவிடும். மாணவர்களுக்குக் காட்டும் ஆசிரியர் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தே ஆக வேண்டும்; தெருவை மட்டும் பார்த்தால் எல்லோரும் அக்கம்பக்கத்தார் போலத் தெரிவார்கள்.

மன நிறைவை இந்தத் தளம் அளப்பதில்லை. அடுத்து வாங்க நினைக்கும் பெரிய பொருள், பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான் என்று சில தலைப்புகள் அதன் அருகே வருகின்றன, அவ்வளவுதான். கடன், நோய், அண்டை வீட்டாரின் துணை எதுவும் படத்தில் விழாது. அதற்கு உலக மகிழ்ச்சி அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 10 வரை உள்ள ஏணியில் தன் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று மக்களையே கேட்டு எடுத்த எண்கள் அவை. 2025 அறிக்கையில் கோஸ்டா ரிக்கா 6ஆம் இடம்; அதைவிடச் செல்வம் மிக்க ஜப்பான் 55ஆம் இடம். இந்த வித்தியாசத்தை எந்த அடுப்புப் படமும் சொல்லாது.

வீடுகள் குலுக்கல் முறையில் எடுத்த மாதிரி அல்ல என்பதால், 'இந்தியாவில் இத்தனை சதவீதம் விறகடுப்பு' என்று எண்ணிச் சொல்லக் கூடாது. படங்களைப் பெயர் குறிப்பிட்டுத் தாராளமாக எடுத்தாளலாம், உரிமம் இடம் தருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் படங்கள் ஏராளம். இணைப்பு மந்தமான பள்ளி என்றால் தேவையானவற்றை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.