'கபுட்' மட்டும் போதாது: வீட்டுப் பழுதை ஜெர்மனில் சொல்ல மூன்று வழிகள்

ஜெர்மனியில் வாடகைக்குக் குடியேறுபவர் வாயில் முதலில் ஒட்டிக்கொள்ளும் பழுதுச் சொல் 'கபுட்'. குழாய் கபுட், ஜன்னல் கபுட், ஹீட்டர் கபுட் என்று எதற்கும் போட்டுவிடலாம். ஆனால் பிளம்பரை அனுப்புவதா, எலக்ட்ரீஷியனை அனுப்புவதா, இன்றே அனுப்பவேண்டுமா, அடுத்த வாரம் போதுமா என்பது கேட்பவருக்கு அதிலிருந்து தெரியாது. பழுதைச் சொல்லாமல் தள்ளிப்போடவும் முடியாது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 536சி பிரிவுப்படி பழுதைக் கண்டவுடன் தெரிவிப்பது வாடகைதாரரின் கடமை. தாமதத்தால் சேதம் பெரிதானால் அந்தச் செலவு நம் தலையில் விழலாம்.

இதற்கான ஜெர்மனைக் கற்க மூன்று வழிகள் உண்டு: முழு வாக்கியங்களை மனப்பாடம் செய்வது, ஒரே அச்சில் சொற்களை மாற்றிப் போடுவது, தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுப்பது.

மனப்பாடம் அவசரத்துக்கு உதவும். நள்ளிரவில் குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிடும்போது இலக்கணம் யோசிக்க நேரமில்லை. 'வியர் ஹாபன் ஐனன் வாஸர்ரோர்ப்ருஹ்' என்றால் குழாய் உடைந்துவிட்டது. 'டீ ஹைட்சுங் இஸ்ட் அவுஸ்கெஃபாலன்' என்றால் வெப்ப அமைப்பே நின்றுவிட்டது. இந்த இரண்டும் தூக்கத்திலும் வரவேண்டும். மூன்றாவது 'எஸ் ரீஷ்ட் நாஹ் காஸ்', கேஸ் வாடை அடிக்கிறது. இதை முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து, அங்கிருந்து அவசர எண்ணான 112-க்குச் சொல்லவேண்டும். இந்த மூன்றைத் தாண்டி மனப்பாடம் தடுக்கிவிடும், ஏனென்றால் எதிர்முனை 'ஸைட் வான்?', எப்போதிலிருந்து என்று கேட்ட மறுகணம் மனப்பாட வாக்கியம் தீர்ந்துபோகும்.

எங்கள் தேர்வு இரண்டாவது வழிதான். பொருள், இடம், வினை, எப்போதிலிருந்து என்று நான்கே பெட்டிகள். 'டேர் வாஸர்ஹான் இன் டேர் கியூஷெ ட்ரோப்ஃப்ட் ஸைட் கெஸ்டர்ன்': சமையலறைக் குழாய் நேற்றிலிருந்து சொட்டுகிறது. இங்கே தமிழே கைகொடுக்கிறது. 'நேத்திலிருந்து சொட்டுது' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதுபோலவே ஜெர்மனும் சொல்கிறது. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தான் இறந்தகாலத்தில் விழுகிறார்கள். அப்படிச் சொன்னால் சொட்டு நின்றுவிட்டதென்றே கேட்பவர் நினைப்பார்.

சிக்கல் வருவது வினைச்சொல்லில். தமிழில் 'ஒழுகுது' என்ற ஒன்றை வைத்தே ஒப்பேற்றிவிடுவோம். ஜெர்மனில் அது மூன்றாகப் பிரியும். 'ட்ரோப்ஃப்ட்' என்றால் சொட்டுச் சொட்டாக; பெரும்பாலும் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். 'லொய்ஃப்ட்' என்றால் நிற்காமல் ஓடுகிறது. கழிவறைத் தொட்டி நிரம்பியும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் இதுதான் சொல், தண்ணீர்க் கட்டணமும் கூடவே ஏறும். 'இஸ்ட் உண்டிஷ்ட்' என்றால் இணைப்பிலோ குழாயிலோ கசிவு. சுவர் நனைகிறதென்றால் இதைச் சொல்லவேண்டும். அடைப்புக்கு 'இஸ்ட் ஃபெர்ஷ்டோப்ஃப்ட்', கதவோ ஷட்டரோ சிக்கினால் 'க்ளெம்ட்', ஃபியூஸ் அடிக்கடி விழுந்தால் 'டீ ஸிஷெருங் ஃப்லீக்ட் இம்மர் ரவுஸ்'.

சூடேற்றியில் இன்னும் கவனம் வேண்டும். 'ஹைட்சுங்' மொத்த அமைப்பு. சுவரில் நிற்கும் தனி இரும்புப் பலகை 'ஹைட்ஸ்கோர்பர்'. கீழ்ப்பாதி சூடாகி மேல்பாதி குளிர்ந்து, உள்ளே களகளவென்று சத்தம் வந்தால் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். 'டேர் ஹைட்ஸ்கோர்பர் க்ளுக்கெர்ட் உண்ட் விர்ட் ஓபன் நிஷ்ட் வார்ம்' என்று சொல்லிவிட்டால் காற்றை வெளியேற்றினால் போதும் என்று தொழில்காரருக்கு அங்கேயே புரியும். வெறும் 'ஹைட்சுங் கபுட்' என்றால் புரியாது.

மூன்றாவது வழியான செயலி, எழுத்துக்குச் சரி, போனுக்கு ஆகாது. எழுத்திலும் தமிழின் வழக்கங்கள் அதைக் குழப்பும். எழுவாயை விட்டுவிடுவது நம் பழக்கம், 'ஒழுகுது' என்றால் எது என்று அதற்குத் தெரியாது. 'வீட்டுக்காரர்' என்றால் நமக்கே உரிமையாளரும் உண்டு, கணவரும் உண்டு. குறுகிய, முழுமையான வாக்கியங்களாகக் கொடுத்து, வந்த ஜெர்மனை மறுபடி தமிழாக்கிப் பார்க்கவேண்டும். கடிதம் முழுக்க 'ஸீ', அதாவது 'நீங்கள்' வருகிறதா, நடுவில் 'டூ', அதாவது 'நீ' நுழைந்துவிட்டதா என்றும் பார்க்கவேண்டும்.

போனா, எழுத்தா என்பதில் எங்களுக்குக் குழப்பமில்லை. அவசரத்துக்குப் போன், ஆனால் அன்றே எழுத்தும். வாய்வழியாகச் சொல்வதைச் சட்டம் ஏற்றுக்கொண்டாலும் சொன்னோம் என்று நிரூபிக்க வழியில்லை. மின்னஞ்சலில் முகவரி, மாடி, பழுது, தொடங்கிய தேதி, படம் இவை இருக்கட்டும். கடைசியில் 'பிட்டெ பெஹேபன் ஸீ டேன் மாங்கல் பிஸ் ட்ஸும்', அதாவது இந்தத் தேதிக்குள் பழுதைச் சரிசெய்யுங்கள் என்று எழுதிக் கெடு தேதியைப் போடவேண்டும். அவசரமில்லாத பழுதுக்கு 2 வாரம் நியாயம், குளிர்காலத்தில் சூடு போனால் ஓரிரு நாள். பதிலே வராவிட்டால் அடுத்ததை 'ஐன்வுர்ஃப்-ஐன்ஷ்ரைபன்' பதிவுத் தபாலில் அனுப்பலாம், பெட்டியில் போட்டதைத் தபால்காரர் பதிவு செய்வார்.

தானே பிளம்பரை அழைத்துவிட்டுப் பின்னால் பணம் கேட்பது பெரும்பாலும் பலிக்காது. சின்னப் பழுதுச் செலவை வாடகைதாரர் ஏற்கவேண்டுமென்று ஒப்பந்தத்தில் விதி இருந்தாலும், அது அடிக்கடி கைபடும் குழாய், சுவிட்ச், பூட்டு போன்றவற்றுக்குத்தான். அதற்கும் உச்சவரம்பு இருக்கவேண்டும்.

தொழில்காரர் வரும் நேரத்தைக் காதில் வாங்கும்போது கவனம்: 'ஹால்ப் நொய்ன்' என்பது எட்டரை மணி, ஒன்பதரை அல்ல. சந்தேகமிருந்தால் 'பிட்டெ ஷிக்கன் ஸீ மியர் டேன் டெர்மீன் பெர் ஈ-மெயில்' என்று சொல்லி நேரத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.