குமுளி மலை இறங்கும் ஸ்கார்பியோக்காரர்கள் கவனத்துக்கு: போலி பிரேக் பேட்

கம்பம் பக்கம் ஓர் உதிரிபாகக் கடையில் வாங்கிய பிரேக் பேட், குமுளி மலை இறங்கும்போது என் ஸ்கார்பியோவைக் கைவிட்டது. புகார் நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வண்டிப்பெரியாறு பக்கம் இருக்கும் நம் ஆட்கள் சாமான் வாங்கக் கம்பத்துக்குத்தான் இறங்குவோம். என் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிப்பதுதான் பேட். முன் பேட் 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்து, மிதித்தாலே கீச்சென்று கத்தியது. கடைக்காரர் பேர்போன கம்பெனி பெட்டியை எடுத்து வைத்தார். விலையும் சந்தேகப்படும்படி மலிவில்லை. பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த வெள்ளைத் தாளைக் கிழித்துக் கொடுத்து, "கம்ப்யூட்டர் ரிப்பேர்ண்ணே, அடுத்த வாட்டி வாங்கிக்கோங்க" என்றார்.

பேட் மாற்றுவதை நானும் மச்சானும் வீட்டு வாசலிலேயே செய்துகொள்வோம். பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டிலும் ஏற்றினோம். பேடைத் தாங்கும் காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டி, பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளி, பின்களைத் துடைத்துக் கிரீஸ் தடவினோம். பெடல் இறுகும்வரை மிதித்தபிறகுதான் வண்டியை நகர்த்தினோம். எஸ்டேட் ரோட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பேடைப் பழக்கவும் செய்தோம். இவ்வளவையும் சொல்லக் காரணம், கடைக்காரர் பின்னால் பழியைப் போட்டது இந்த வேலையின் மேல்தான்.

குமுளி செக்போஸ்ட் தாண்டி லோயர் கேம்ப் நோக்கி இறங்குகிறோம். இரண்டாவது கியர்தான். சில வளைவுகள் தாண்டியதும் கருகல் வாடை. பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் கொழகொழவென்று அமுங்கும். கெட்டியாக இருந்தும் நிற்காவிட்டால் பெரும்பாலும் பேடைத்தான் பார்க்க வேண்டும். முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரங்கட்டினேன். பின்சீட்டில் மாமியாரும் பிள்ளைகளும்.

ஆறவிட்டுக் கழற்றினால் லைனிங்கின், அதாவது பேடில் டிஸ்க்கோடு உரசும் பகுதியின், மேல்பரப்பு பளபளவென்று இறுகிக் கிடக்கிறது. ஓரத்தை நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. ஒரு பேடில் லைனிங்குக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கழற்றிப் போட்ட பழைய பேடின் தகட்டில் எண் பொறித்திருந்தது. புதியதில் ஒரு ஸ்டிக்கர்தான், அதுவும் சூட்டில் சுருண்டு போயிருந்தது. டிஸ்க்கிலும் கோடு விழுந்துவிட்டது, அது தனிச் செலவு.

கடைக்குப் போனால், "வீட்ல வச்சு மாட்டுனா இப்படித்தாண்ணே ஆகும். மாட்டுன சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும், "நீங்க கேரளா வண்டி, இங்க வந்து கேஸ் போடப் போறீங்களா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், எனக்கு இடுக்கி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். எஸ்டிமேட் தாள், போனில் பணம் அனுப்பிய விவரம், பெட்டி, நான்கு பேடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் வாங்கும்போது பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக் கடையென்றால் 33-இல் தொடங்கும், கேரளம் என்றால் 32. பெட்டியைக் கடையிலேயே திறந்து தகட்டைத் திருப்பிப் பாருங்கள், ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். அண்மையில் கம்பம் பக்கம் 'எஸ்டிமேட்' தாளோடு பேட் வாங்கி மாட்டியவர்கள், அடுத்த தடவை மலை இறங்குவதற்கு முன் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.