வெர்மான்ட்டா, நியூ ஹாம்ப்ஷயரா?

அமெரிக்காவின் வடகிழக்கில் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் இவை. குடியேற எது நல்லது? நடுவில் கனெக்டிகட் ஆறு. இக்கரையிலும் அக்கரையிலும் அதே குளிர், அதே மேப்பிள் காடு. ஆனால் பணக்கணக்கு தலைகீழ். நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, பொது விற்பனை வரியும் இல்லை. அதனால்தான் வெர்மான்ட்காரர்கள் பாலம் தாண்டி அங்குள்ள வெஸ்ட் லெபனான் என்ற ஊருக்குப் போய் டிவி, ஃப்ரிட்ஜ் வாங்குகிறார்கள். தங்கள் ஊரில் என்றால் 6% வரி.

ஆனால் மிச்சமாகும் பணம் வீட்டு வரியாகப் போய்விடுகிறது. நியூ ஹாம்ப்ஷயர் பள்ளிகள் பெரும்பாலும் அதை நம்பியே ஓடுகின்றன. கிளேர்மான்ட் போன்ற வசதி குறைந்த ஊர்கள் அதிக விகிதத்தில் கட்டியும் குறைவாகவே திரட்ட முடிந்தது. 1997இல் மாநில உச்ச நீதிமன்றமே இது அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. அதே ஆண்டு வெர்மான்ட் தன் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்று, பள்ளி நிதியை மாநிலம் முழுக்கப் பகிரும் சட்டம் கொண்டுவந்தது. அங்கும் வீட்டு வரி சுமைதான். ஆனால் ஏழை ஊர்க் குழந்தை தனித்து விடப்படவில்லை. எனக்கு இது பெரிய விஷயம்.

வெர்மான்ட் சாலையோரங்களில் விளம்பரப் பலகைகளே கிடையாது, 1968 முதல் தடை. கடற்கரை வேண்டுமென்றால் நியூ ஹாம்ப்ஷயர்தான்.

தனியாளாக நல்ல சம்பளம் வாங்குபவர் நியூ ஹாம்ப்ஷயர் போகலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் வெர்மான்ட்டைத்தான் சொல்வேன்.