சிறுநீரக மாற்றுக்குப் பிறகு: டக்ரோலிமஸோடு பல வருடங்கள்

அக்கா கொடுத்த சிறுநீரகத்தை என் உடம்பு எதிர்க்காமல் இருக்க டக்ரோலிமஸ், மைகோபினோலேட், பிரட்னிசோலோன் மூன்றையும் பல வருடங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். கை நடுங்குமா, முகம் ஊதுமா, சர்க்கரை ஏறுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதையெல்லாம் டாக்டர் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்வார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருக்கிற எனக்குப் பெரிய கவலை, இந்த மருந்தோடு வேறு என்ன வயிற்றுக்குள் போகிறது என்பதுதான்.

தம்புன் பம்ளிமாஸ் எங்கள் பேராக்கின் பெருமை. சீனப் பெருநாள் வந்தால் வீட்டுக்கு வீடு இருக்கும். ஆனால் டக்ரோலிமஸை உடைக்கிற குடல் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடும். அதே மாத்திரைதான், ரத்தத்தில் மட்டும் அளவு ஏறிவிடும். அளவு மிஞ்சினால் கை நடுக்கம் வரும், காப்பாற்ற வேண்டிய சிறுநீரகமே கெடும். நான் ஒரு சுளைகூடத் தொடுவதில்லை.

கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். இருமலுக்குப் போனபோது ஊர் கிளினிக் டாக்டர் கிளாரித்ரோமைசின் எழுதினார். கைப்பேசியில் இருந்த என் மருந்துப் பட்டியலைக் காட்டியதும் உடனே மாற்றிக் கொடுத்தார். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர்: அளவை இறக்கிவிடும், உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கலாம். முட்டி வலிக்கு எல்லார் வீட்டிலும் இருக்கும் போன்ஸ்டானும் நமக்கு ஆகாது, அது சிறுநீரகத்துக்கே கேடு. எனக்கு பாராசிட்டமோல்தான். சின்செ எனும் சீன வைத்தியர் தரும் பொடி, ஜாமு எனும் மூலிகை மருந்து எதையும் அன்பாகத்தான் கொடுப்பார்கள், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்க முடியாது. உடம்பின் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான அசதியோப்ரின் சாப்பிடுகிறவர்கள், கௌட் எனும் மூட்டு வலி நோய்க்கான அலோபியூரினோலை டாக்டரைக் கேட்காமல் சேர்க்கவே கூடாது. ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையையே இரண்டும் சேர்ந்தால் பாதிக்கும்.

வயிற்றுப்போக்கைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. மருந்து வெளியேறிவிடும் என்றுதான் நினைப்போம், ஆனால் டக்ரோலிமஸ் அளவு அப்போது ஏறுவதுதான் வழக்கம். தானாக அளவை மாற்றாமல் மாற்று சிகிச்சைப் பிரிவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை நாளில், காலை வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். விடியற்காலையில் ஈப்போவுக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டிலேயே விழுங்கிவிட்டு வருகிறவர்களை வரிசையில் பார்க்கிறேன், மனசு அடித்துக்கொள்ளும். என்னைப்போல் இரண்டு வேளை டக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களுக்கு, முந்தைய வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் ரத்தத்தில் அதன் அளவைக் காட்டும் எண்ணுக்கு அர்த்தம். நான் மாத்திரையைப் பையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்ததும் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பசியாறுவேன்.

தொற்று விஷயத்தில் நான் கறார். எலி சிறுநீர்க் காய்ச்சல் தோட்டப் பக்கம் புதிதில்லை. கால்வாய், சேறு என்றால் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்வேன். அரைவேக்காட்டு முட்டை, பச்சைத் தவ்கே (முளைப்பயறு) கிடையாது. பிரட்னிசோலோன் காய்ச்சலையே மறைத்துவிடும், அதனால் 38 டிகிரி வந்தால் மறுநாள் வரை காத்திருப்பதில்லை. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் நமக்குக் கிடையாது. ஃப்ளூ ஊசி போடலாம், வருஷா வருஷம் போடுகிறேன்.

அப்புறம், மருந்து வாங்கும் இடம். டக்ரோலிமஸில் இரண்டு வேளை வகையும் உண்டு, ஒரு வேளை வகையும் உண்டு. ஒன்றுக்கு ஒன்று மாற்றாக விழுங்கக் கூடாது. கவுண்டரைவிட்டு நகரும் முன் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஒருமுறை வேறு கம்பெனி மாத்திரை வந்திருந்தது. கேட்டதும் மருந்தாளர் என் டாக்டரிடம் பேசி, அடுத்த ரத்தப் பரிசோதனையை முன்னதாக வைக்க ஏற்பாடு செய்தார்.