கொன்சோல் நிறுவனங்கள்: யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்?

ரி.வி.யில் கேம் ஆடும் கொன்சோல்களான சொனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ், நின்டென்டோவினுடையவை மூன்றும் திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக மாறி மாறி ஓடுகின்றன. ரி.வி.யை யார் பிடிப்பது என்று பிள்ளைகளுக்குச் சண்டை; எது அசல், எது ஈயடிச்சான் கொப்பி என்று பெரியவர்களுக்குச் சண்டை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூவரும் பார்த்து எழுதுகிறவர்கள்தாம். அதில் நமக்கு நட்டமில்லை. பார்த்து எழுத வேண்டிய ஒன்றை விட்டுவிட்டார்கள் என்பதே என் குறை.

(கொப்பியைப் பற்றி நாம் அதிகம் பேசவும் முடியாது. தொண்ணூறுகளில் இங்கே பலருடைய முதல் கொன்சோல், 1983இல் ஜப்பானில் வந்த நின்டென்டோ ஃபமிகொமின் பெயரில்லாத நகல்தான்.)

கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தாலே கதை விளங்கும். இடப்பக்கச் சிலுவைப் பொத்தான், நின்டென்டோவின் குன்பெய் யொக்கொயி 1982இல் கொண்டுவந்தது. மேல் விளிம்புப் பொத்தான்கள் 1990இன் சூப்பர் ஃபமிகொமில் வந்தவை. நின்டென்டோ 64இல் பெருவிரலால் எப்பக்கமும் சாய்க்கும் ஒற்றை அனலொக் தண்டு இருந்தது. அதிர்வு வேண்டுமென்றால், 1997இல் வந்த பற்றரிப் பெட்டியைத் தனியே வாங்கிச் செருக வேண்டும். அதே ஆண்டு முடிவதற்குள் சொனி, இரண்டு தண்டுகளோடு அதிர்வையும் உள்ளேயே வைத்து டுவல்ஷொக் கொன்ட்ரோலரை வெளியிட்டது. இதைத் திருட்டு என்பவர் அந்தப் பெட்டியின் பாரத்தோடு ஒரு மாலை முழுவதும் விளையாடியிருக்க மாட்டார். 2001இல் கேம்கியூபுக்கு நின்டென்டோவும் இரண்டு தண்டுகளையும் உள்ளமைந்த அதிர்வையும் கொடுத்தது. கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதிர்வுக்குக் காப்புரிமை வைத்திருந்தது இம்மெர்ஷன் என்ற வேறொரு நிறுவனம். அது 2002இல் சொனி, மைக்ரோசொப்ட் இரண்டின் மீதும் வழக்குப் போட்டது. மைக்ரோசொப்ட் அடுத்த ஆண்டே சமரசமானது, சொனி இழுத்தடித்தது. விளைவாக, 2006இல் பிளேஸ்டேஷன் 3 அதிர்வே இல்லாத கொன்ட்ரோலரோடு வந்தது. முந்தைய ஆண்டு நின்டென்டோ காட்டிய, கையசைவால் ஆடும் வீ ரிமோட்டின் சாயலில் அசைவுணர்வு மட்டும் ஏறியிருந்தது. நான் பார்த்தவற்றில் மிக அரைகுறையான கொப்பி அதுதான். 2007இல் வழக்கு முடிந்த பிறகே அதிர்வு திரும்பியது.

கேமில் இலக்குகளை முடித்தால் கிடைக்கும் சாதனைப் புள்ளிகளை எக்ஸ்பொக்ஸ் 360 2005இல் கொடுத்தது, சொனி கோப்பைகளை 2008இல். எனக்கு இரண்டும் ஒன்றுதான். என் பெறாமகனோ கோப்பை இல்லாத கேமைத் தொடுவதில்லை.

வீட்டில் அதிகம் தேய்ந்தது 2017இல் வந்த, கையில் பிடித்தும் ஆடக்கூடிய நின்டென்டோ ஸ்விட்ச். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், மற்ற இரண்டும் தூசி படிந்து கிடக்க, இது முற்றத்து வேம்பின் கீழ் ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் முழுப் புதுமை அல்ல, கையிலும் ரி.வி.யிலும் ஓடும் நோமட்டை சேகா என்ற இன்னொரு கேம் நிறுவனம் 1995இலேயே விற்றது. ஆனால் இருவிதமாகவும் ஆடுவதையே கருவியின் மையமாக்கியது ஸ்விட்ச்தான். வால்வ் நிறுவனத்தின் கைக்கருவியான ஸ்டீம் டெக் 2022இல் அந்தச் சாரத்தைப் பிடித்துக்கொண்டது. 2023இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டல் உருவத்தை மட்டும் பிடித்தது: வைஃபை இல்லாமல் அதில் எந்த கேமும் ஓடாது. குரங்கு ஒன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்ததாகச் சொல்லி நாடே இருண்ட 2025 பெப்ரவரி 9 போன்ற நாளில் அதனால் யாருக்கு என்ன பயன்?

இனி என் குறை. எங்கள் வீட்டில் கொன்ட்ரோலர்கள் தண்டில்தான் சாகின்றன. தொடாமலே பாத்திரம் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கும். எந்த நிறுவனத்துடையவை என்று சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் மூவரின் வழக்கமான கொன்ட்ரோலர்களிலும் உள்ளே இருப்பது உராய்ந்து தேயும் அதே மின்தடைப் பட்டைதான். தூசியும் உப்புக் காற்றும் அதற்கு உதவுவதாகத் தெரியவில்லை. உராய்வே இல்லாத காந்த உணரியை சேகா 1998இல் தன் ட்ரீம்காஸ்ட் கொன்சோலின் கொன்ட்ரோலரிலேயே வைத்துவிட்டது. இன்றைய வழக்கமான கொன்ட்ரோலர்களில் அதை மட்டும் மூவரும் பார்த்து எழுதவில்லை. 2025இன் ஸ்விட்ச் 2இலும் அது இல்லை என்று நின்டென்டோவே உறுதிசெய்தது.

குலிகிட், 8பிட்டோ போன்ற சிறிய நிறுவனங்கள் காந்தத் தண்டு கொன்ட்ரோலர்களை விற்கின்றன. இப்போது நான் பிடிப்பது அப்படியொன்றைத்தான். பொத்தான்கள் சற்று மலிவாகத் தட்டுப்படுகின்றன. தண்டு இன்னும் நேராக நிற்கிறது.