சில்வர் ஸ்டீல் என்று வாங்கினேன், வந்தது பச்சிரும்பு

வீட்டு கராஜில் தனக்கு வேண்டிய டூல்களைத் தானே செய்துகொள்கிறவர்கள் அடுத்த சில்வர் ஸ்டீல் ராடு வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரைப் போடப்போவதில்லை. பெயர் தெரிந்தால் அவரிடம் வாங்காமல் இருப்பீர்கள், அவ்வளவுதான். அதே சரக்கு வேறு லேபிளில் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

கார் நிற்க வேண்டிய இடத்தில் என்னிடம் ஒரு சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) நிற்கிறது. அதில் வெட்டும் டூலைப் பிடித்து நிறுத்த ஒரு டூல் ஹோல்டர் செய்துகொண்டிருந்தேன். அந்த ஹோல்டரில் 10 மில்லிமீட்டர் துளை ஒன்று, நேராக, சுத்தமான வட்டமாக வேண்டும். டிரில் பிட் மட்டும் போட்டால் துளை கொஞ்சம் பெரிதாகும், ஆழம் போகப்போக ஒரு பக்கம் சாயும். இதற்குப் பழைய பட்டறை வழி ஒன்று உண்டு: டி-பிட். ஒரு வட்ட ராடின் முனையை நீளவாக்கில் பாதிக்கு அரம் போட்டுத் தட்டையாக்கி, வெட்டும் விளிம்புக்குப் பின்னால் சில டிகிரி சாய்வு கொடுத்து, அப்புறம் காய்ச்சித் தோய்த்து இறுக்கி, அதாவது ஹார்டன் செய்துவிட வேண்டும். துளையின் வாயை மட்டும் முதலில் சரியான அளவில் தொடங்கிக் கொடுத்தால் போதும், பிட்டின் உடம்பே துளைக்குள் வழிகாட்டியாக நின்று நேராகப் போகும். சரிபாதிக்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்துவதில்தான் வித்தை. 10 மில்லி ராடில் நான் 5.05-இல் நிறுத்தினேன். கையால் அரம் பிடித்து அந்தத் தட்டையை மேடுபள்ளம் இல்லாமல் கொண்டுவர எனக்கு ஒரு விடுமுறை நாள் முழுதும் பிடித்தது.

இந்த வேலைக்குச் சில்வர் ஸ்டீல்தான் வழக்கம். அதில் வெள்ளி எதுவும் கிடையாது, பளபளப்பால் வந்த பெயர். ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன், கொஞ்சம் குரோமியம். வாங்கும்போது அரத்துக்கும் லேத்துக்கும் அடங்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும். 770 முதல் 790 டிகிரி வரை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், பட்டறைப் பேச்சில் பச்சிரும்பு) ராடில் கார்பன் கால் சதவீதத்துக்கும் கீழே. அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் டூலாகாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மினுக்கு, ஒரே எடை. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் விலையில் மட்டும்தான் தெரியும், அதிலும் விற்றவர் எம்எஸ் விலை கேட்கவில்லை.

10, 12, 16 மில்லியில் இரண்டிரண்டு ராடு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் அழகான லேபிள். வாங்கும் முன் சந்தேகம் கேட்டதற்கு ராடு மேல் காந்தம் ஒட்டுகிற வீடியோ ஒன்றை அனுப்பினார். காந்தம் எம்எஸ்ஸிலும் ஒட்டும், சில்வர் ஸ்டீலிலும் ஒட்டும். அது எதையும் நிரூபிக்காது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முதல் டி-பிட்டைக் காஸ் டார்ச்சில் காய்ச்சினேன். காந்தம் ஒட்டாமல் விட்டுவிடுகிற சிவப்பு வந்தது, இன்னும் ஒரு பிடி ஏற்றித் தண்ணீரில் செங்குத்தாக இறக்கினேன். சுர்ரென்று சத்தம். எமரித் தாள் போட்டுத் துடைத்து, 220 டிகிரியில் டெம்பர் செய்தேன், அதாவது நொறுங்கும் குணம் குறைய மறுபடி மெல்லச் சுட்டேன். புத்தகத்தில் சொல்கிற அந்த வெளிர் வைக்கோல் நிறம் அச்சாக வந்தது. சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டேன். லேத்தில் போட்டு ஹோல்டருக்குள் செலுத்தினேன். முதலில் மெல்லிய சுருள் ஒன்று வந்தது. அப்புறம் கீச்சொலி. வெளியே எடுத்து லென்ஸில் பார்த்தால், வெட்டும் விளிம்பு உடையவில்லை, மடிந்திருந்தது. மடிந்த காகித ஓரம் போல. ஹார்டன் ஆன விளிம்பு மடியாது, சில்லாக உடையும். அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புரியவில்லை. என்னையே சந்தேகப்பட்டேன். சூடு பத்தவில்லை என்று இரண்டாவது பிட் செய்து ஆரஞ்சு வரை ஏற்றினேன். அதுவும் மடிந்தது. சூடு மிஞ்சி மேல்தோலில் கார்பன் எரிந்துவிட்டதோ என்று மூன்றாவது செய்தேன். தண்ணீரை விட்டு உப்புத் தண்ணீர் வைத்தேன். மூன்று விடுமுறை நாள், ஒரு முழு காஸ் கேன், விரல் நுனியெல்லாம் அரத்தின் தழும்பு. ராடைச் சந்தேகப்பட ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. இந்த வியாபாரமே அதன் மேல்தான் நிற்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தொழிற்சாலைக்கு இப்படி ஒரு ராடு அனுப்பினால் மறுநாளே திருப்பி அனுப்புவார்கள். வீட்டில் செய்கிறவன் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வான்.

கவனித்தீர்களா, நான் நம்பிய அடையாளம் ஒவ்வொன்றும் எம்எஸ்ஸிலும் அப்படியே வரும். 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டாமல் போவது இரும்பின் குணம், கார்பன் கூடினாலும் குறைந்தாலும் பெரிய மாற்றமில்லை. டெம்பர் நிறம் மேலே படியும் ஆக்சைடு படலத்தின் நிறம். பாலிஷ் செய்த எந்த இரும்பைச் சுட்டாலும் வைக்கோல், பழுப்பு, நீலம் என்று வரிசையாக வரும். உள்ளே இறுகியிருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லவே சொல்லாது.

கடைசியில், லேத் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டர்னர் ஒருவர் வேறு விஷயமாக வந்திருந்தார். கதையைச் சொன்னேன். அவர் டெம்பர் நிறத்தைப் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. "தம்பி, ஒரு பழைய அரம் கொடு" என்றார். பிட்டின் ஓரத்தில் ஒரு இழுப்பு. கர்ரென்று பிடித்தது, பளிச்சென்று கோடு விழுந்து தூள் உதிர்ந்தது. துவைச்சல், அதாவது ஹார்டன், ஏறியிருந்தால் அரம் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கும் என்றார். "உன் கையில குறை இல்ல. இது பச்சிரும்பு. நீ எத்தன தடவ தண்ணி காட்டினாலும் குளிக்குமே தவிர ஏறாது."

அவர் போன பிறகு சாணைக் கல்லை ஓட்டினேன். தேய்ந்துபோன பழைய அரம் ஒன்றை ஒரு கையிலும் அந்த ராடை மறு கையிலும் எடுத்து மாற்றி மாற்றி வைத்தேன். கராஜ் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். அரத்திலிருந்து வந்த பொறி குட்டையாக, அடர்த்தியாக, நுனியெல்லாம் கிளை கிளையாக வெடித்தது, கம்பி மத்தாப்பு மாதிரி. ராடிலிருந்து வந்தது நீளமான மஞ்சள் கோடுகள், வெடிப்பு அங்கொன்று இங்கொன்று. அதோடு மனசு ஆறாமல், இன்னும் தொடாத 12 மில்லி ராடிலிருந்து ஒரு சாண் வெட்டிக் காய்ச்சித் தோய்த்து, டெம்பர் செய்யாமல் அப்படியே வைஸில் பிடித்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். கண்ணாடி அணிந்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டுதான். நல்ல சில்வர் ஸ்டீலாக இருந்தால் படக்கென்று முறிந்து, உடைந்த பீங்கான் போல நுண்ணிய சாம்பல் மணி தெரிந்திருக்கும். இது பணிவாக வளைந்து கொக்கி போல நின்றது.

விற்றவரை அழைத்தேன். முதல் கேள்வியே, "சார், தண்ணியில போட்டீங்களா, எண்ணெயில போட்டீங்களா?" தண்ணீர் என்றேன். "அதான் சார் தப்பு, எண்ணெயில போடணும்." எண்ணெய் தண்ணீரை விட மெதுவாகக் குளிர்விக்கும். தண்ணீரில் இறுகாதது எண்ணெயில் எப்படி இறுகும் என்று கேட்டதும், "உங்க டார்ச் சூடு பத்தாது" என்றார். வளைந்த ராடின் படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் வந்த பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: கேஸ் ஹார்டனிங் பவுடர் போட்டால் சரியாகிவிடுமாம், அதுவும் அவரிடமே கிடைக்குமாம். கேஸ் ஹார்டனிங் என்பதே கார்பன் குறைந்த இரும்புக்கு வெளியிலிருந்து கார்பன் ஏற்றித் தோலை மட்டும் இறுக்குகிற வேலை. சில்வர் ஸ்டீலுக்கு அது எதற்கு? தான் விற்றது எம்எஸ் என்று அவர் வாயாலேயே சொன்னது போலத்தான். பவுடர் போட்டாலும் அந்தத் தோல் மிக மெல்லிசு, இரண்டு முறை சாணை பிடித்தால் பச்சிரும்பு எட்டிப் பார்க்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வெட்டிய ராடைத் திரும்ப எடுக்க மாட்டாராம். வெட்டாமல் ராடை எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. லேபிளோடு மீதி இருந்த மூன்றுக்கு மட்டும் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார், அனுப்பும் செலவு என்னுடையதாம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதே ஆளிடம் பெல்ட் கிரைண்டருக்கு ஒரு மோட்டாரும் வாங்கியிருந்தேன். இந்தக் கூத்துக்கு அப்புறம்தான் அதன் தகட்டை நிதானமாகப் படித்தேன். 2 எச்பி என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் 230 வோல்ட், 3.5 ஆம்ப்ஸ், சிங்கிள் ஃபேஸ். ஒரு எச்பி 746 வாட், ஆக இரண்டுக்கு 1492. இந்த மோட்டார் இழுப்பதே அதிகபட்சம் 805 வாட். அதில் சூடாகப் போவதையும் கழித்தால் முக்கால் எச்பி தேறினால் அதிகம். தகடே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது, பெருக்கிப் பார்க்க நமக்குத்தான் சோம்பல். கையை அழுத்தினால் பெல்ட் நிற்கிறது, ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ராடு வந்ததும் நான் செய்வது இதுதான். முதலில் லென்ஸ். சில்வர் ஸ்டீல் சாணையில் கிரைண்ட் செய்து வருவது, அதனால் மிக நுண்ணிய கோடுகள் ராடைச் சுற்றி ஓடும். அச்சுத் துளை வழியாக இழுத்துப் பளபளப்பாக்கிய எம்எஸ் ராடில் (பிரைட் பார்) கோடுகள் நீளவாக்கில் ஓடும். எனக்கு வந்ததில் நீளவாக்கில்தான் இருந்தன, பார்க்கத் தெரியவில்லை. அப்புறம் மைக்ரோமீட்டரில் நாலைந்து இடத்தில் அளவு. நல்ல ராடு 10 மில்லி என்றால் 9.98-க்குக் கீழே போவது அபூர்வம். என்னுடையது ஒரு இடத்தில் 9.97, ஒரு ஜாண் தள்ளி 9.94. இந்த இரண்டும் சந்தேகத்துக்குத்தான், தீர்ப்புக்கு இல்லை. எம்எஸ்ஸையும் கிரைண்ட் செய்து விற்கலாம். தீர்ப்பு அரத்திடம்: முனையில் 20 மில்லி வெட்டி, காய்ச்சித் தோய்த்து, டெம்பர் செய்வதற்கு முன்னாலேயே காய்ச்சியதில் மேலே படிந்த ஆக்சைடு செதிலைத் தேய்த்துவிட்டு அரம் போட்டுப் பார்ப்பது. செதிலுக்கு அடியில் கார்பன் எரிந்த மெல்லிய தோல் இருந்தால் முதல் இழுப்பில் கொஞ்சம் பிடிக்கும், அதனால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. பளபளவென்று இருக்கும் எல்லாவற்றையும் இப்படிக் காய்ச்சிப் பார்க்காதீர்கள். பிஸ்டன் ராடு, ஸ்லைடு ஷாஃப்ட் மாதிரியானவற்றில் குரோம் முலாம் இருக்கும். நட்டு போல்ட்டில் துத்தநாகம் இருக்கும். துத்தநாகப் புகை பட்டால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வந்து ஆளைப் படுக்க வைக்கும். காட்மியம் முலாம் என்றால் அது உயிருக்கே ஆபத்து. முலாம் பூசியதா என்று தெரியாத ராடை நான் டார்ச் பக்கமே கொண்டுபோவதில்லை.

டூல் ஹோல்டர் துளைக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தேய்ந்துபோன பழைய உருண்டை அரம் ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுதும் ஆற விட்டேன். மறுநாள் மென்மையாகியிருந்தது. பற்களைக் கடைசல் போட்டு எடுத்து, அதிலேயே நாலாவது டி-பிட். தோய்த்த உடனே அரம் போட்டேன், வழுக்கியது. துளை போட்டு முடிந்து, இப்போது அந்த ஹோல்டர் லேத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்த ஆறு ராடிலும் மிச்சமிருப்பதன் இரண்டு முனையிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தனி மூலையில் சாத்தியிருக்கிறேன். வைஸ் கைப்பிடி, பின், திருகுவதற்கான டாமி பார் என்று மென்மை போதும் என்கிற இடத்துக்கு ஆகும். மோட்டார் தகட்டில் 2-ஐ அடித்துவிட்டு மார்க்கரால் முக்கால் என்று எழுதி வைத்தேன்.