மெதுவாக நிரம்பும் ஃப்ளஷ் டேங்க்: வால்வைச் சுத்தம் செய்வதா, ரப்பரை மாற்றுவதா, புதிது போடுவதா?

ஆறு லிட்டர் டேங்க் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் எங்கோ கோளாறு. பிளம்பரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் டேங்குக்குள் தண்ணீர் விடும் வால்வையே மாற்றிவிடலாம் என்பார். அவருக்கு அது சுலபமான வேலை, திரும்ப வரவும் வேண்டியதில்லை. ஆனால் எந்த வழி சரி என்பது உங்கள் வீட்டில் தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

ஆங்கிள் காக்கை, அதாவது டேங்குக்குத் தண்ணீர் விடும் சுவர்க் குழாயை, மூடிவிட்டு, கனெக்‌ஷன் பைப்பை டேங்க் பக்கம் கழற்றி பக்கெட்டில் விடுங்கள். காக்கை முழுதாகத் திறந்து ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடியுங்கள். பதினைந்து வினாடிக்குள் நிரம்பினால் லைன் சரி, பழுது பெரும்பாலும் வால்வில்தான். நிரம்பவில்லை என்றால் வால்வுக்குக் காசு போடுவது வீண். ஆங்கிள் காக்கின் உள்ளே உப்பு கட்டியிருக்கும், அல்லது கனெக்‌ஷன் பைப்பின் ரப்பர் வாஷர் அளவுக்கு மீறி முறுக்கியதில் பிதுங்கி ஓட்டையை மூடியிருக்கும். லைன் சரியாக இருந்தும் டேங்க் இழுத்தடித்தால், கோப்பைக்குப் போகும் ஓட்டையை மூடும், அடியில் உள்ள ஃப்ளஷ் வாஷர் கசிகிறதா பாருங்கள். டேங்கில் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டால் தெரிந்துவிடும். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் நிரம்புகிற தண்ணீர் கூடவே வடிகிறது.

வால்வுதான் காரணம் என்றால் முதலில் செய்ய வேண்டியது சுத்தம். செலவு இல்லை, அரை மணி நேர வேலை. வால்வின் அடித்தண்டுக்குள், தண்ணீர் நுழையும் இடத்தில், பிளாஸ்டிக் வலை ஒன்று இருக்கும். குறடால் மெல்ல இழுத்தால் வரும். புது வீடுகளில் அதில் சிக்கியிருப்பது பெரும்பாலும் டெஃப்லான் டேப் துணுக்கும் சிமெண்ட் மணலும். போர் தண்ணீர் வீடுகளில் வெள்ளை உப்பு. மணலை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். உப்பாக இருந்தால் வினிகரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். டாய்லெட் ஆசிட் வேண்டவே வேண்டாம், ரப்பரையும் உலோகத்தையும் தின்றுவிடும். பிறகு பைப்பைத் திரும்ப மாட்டி, வால்வின் மேல்மூடியைத் திறந்து, ஒரு மக்கைக் கவிழ்த்துப் பிடித்து, காக்கை இரண்டு மூன்று வினாடி திறந்து மூடுங்கள். உள்ளே தங்கிய மணல் பீறிட்டு வெளியேறும். மக் இல்லாமல் திறந்தால் குளியல்தான்.

மூடிக்கு அடியில் வட்டமாக ஒரு ரப்பர் இருக்கும், அதுதான் டயஃப்ரம். இதில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் ரப்பரின் பின்பக்கம் போய் அழுத்துவதால்தான் வால்வு மூடுகிறது. அது அடைத்தால் டேங்க் நிரம்பியும் தண்ணீர் நிற்காது. மிதவை இறங்கும்போது அந்த அழுத்தத்தை வெளியேற்றும் சிறு துளை மூடியில் இருக்கும். அது அடைத்தால் வால்வு அரைகுறையாகத்தான் திறக்கும். எந்தத் துளை என்று அறிகுறியே சொல்லிவிடும். ரப்பர் உப்பியோ விறைத்தோ இருந்தால் அதை மட்டும் மாற்றலாம், ஆனால் அதே மாடலின் ரப்பர் கிடைத்தால்தான். ஏறக்குறைய பொருந்துவதை வைத்து மூடினால் சொட்டும். ஹார்ட்வேர் கடையில் அது இல்லை என்றால் அலையாமல் முழு வால்வாகவே வாங்கிவிடலாம்.

புதிதாக வாங்கும்போதுதான் உண்மையான போட்டி. பக்கவாட்டில் பொருத்தும், நீளக் கம்பியில் பந்து தொங்கும் பழைய பால் வால்வு ஒருபுறம். அடியிலிருந்து நிமிர்ந்து நிற்கும் சைலண்ட் வால்வு மறுபுறம். பால் வால்வு சத்தம் போடும். பந்து மேலே ஏற ஏறத் தண்ணீரையும் குறைத்துக்கொண்டே போகும், கடைசி அரை லிட்டருக்குத்தான் நேரமெடுக்கும். ஆனால் எளிய அமைப்பு, குறைந்த அழுத்தத்திலும் வேலை செய்யும். சைலண்ட் வால்வு கடைசிவரை முழு வேகத்தில் நிரப்பிச் சட்டென்று மூடும். அதற்கு அழுத்தம் வேண்டும். பல மாடல்களுக்குக் குறைந்தபட்சம் 0.5 பார் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. மொட்டை மாடி டேங்குக்கு நேர் கீழ்த் தளத்தில் மூன்று மீட்டர்தான் இருக்கும் என்றால் 0.3 பார், அதிலும் பைப் வளைவுகள் கொஞ்சம் விழுங்கும். அப்படிப்பட்ட தளத்தில் விலையுயர்ந்த சைலண்ட் வால்வு பழையதைவிட மெதுவாக நிரப்பினால் ஆச்சரியமில்லை. அங்கே பால் வால்வு அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே குறிப்பிட்ட மாடல்தான் என் தேர்வு. பிரஷர் பம்ப் உள்ள அடுக்குமாடி என்றால் யோசிக்காமல் சைலண்ட் வால்வு.

இரண்டில் எதுவானாலும் டேங்கின் ஓட்டை பக்கத்திலா அடியிலா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மாட்டும்போது ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்ளே, வால்வை இறுக்கிப் பிடிக்கும் செக் நட் வெளியே. வால்வு சுற்றாமல் உள்ளே ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். கனெக்‌ஷன் பைப்பை இணைக்கும் முன் லைனை ஒரு முறை பக்கெட்டில் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் லைனில் கிளம்பிய அழுக்கு புது வலையில் போய் உட்காரும். தண்ணீர் மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி மிதவையைத் திருகி வையுங்கள்.